லினக்ஸ் சாமானியருக்கு ஆகாதா?

“அதெல்லாம் ஐ.டி.காரங்களுக்குங்க, உங்களுக்குச் சரிப்பட்டு வராது.” பழைய கணினியில் விண்டோஸ் இயங்குதளத்துக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவருக்கு நம்மூர் சர்வீஸ் கடையில் கிடைக்கும் பதில் இது. பள்ளிக் கணினி ஆசிரியரைக் கேட்டாலும், அலுவலகத்தில் ‘சிஸ்டம் தெரிந்தவர்’ என்று பெயரெடுத்தவரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், தமிழ் சரியாக வராது, பிரிண்டர் ஓடாது, பிள்ளைகளின் வேலைக்கு உதவாது என்று காரணங்களும் வரிசையாக வரும். எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாததால் இந்தக் கருத்து உண்மையாகவே நிலைபெற்றுவிட்டது.

இதை மறுக்க வேண்டிய நேரம் இது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு தந்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் அநேகமாக எதுவும் இதில் தேறாது. ஆகவே ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஓரங்கட்டிவிட்டுப் பெருந்தொகை கொடுத்துப் புதியது வாங்குவது ஒன்று. திருத்தங்கள் வராத கணினியிலேயே வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருப்பது மற்றொன்று. மூன்றாவது வழியான லினக்ஸை அடைத்து வைத்திருப்பது, ‘உங்களுக்குச் சரிப்பட்டு வராது’ என்ற அந்த ஒற்றை வாக்கியம்.

என் வாதம் இதுதான்: லினக்ஸ் சாமானியருக்குக் கடினமானதல்ல, நாம் அதைத் தொடங்கும் விதம்தான் கடினமாக இருக்கிறது. அந்த விதத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

போட்டுத் தந்தது யார்?

விண்டோஸ் சுலபம் என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதை நீங்களே போட்டீர்களா? பெரும்பாலோர் போட்டதில்லை. வாங்கும்போதே இருந்தது, அல்லது கெட்டுப்போனபோது கடைக்காரர் ஃபார்மேட் செய்து, டிரைவர்களைத் தேடிப் போட்டு, ஆஃபீஸும் தமிழ் எழுத்துருவும் ஏற்றி, பிரிண்டரையும் இணைத்துக் கையில் கொடுத்தார். பயன்படுத்துபவர் செய்ததெல்லாம் பொத்தானை அழுத்தித் திறந்தது மட்டும்.

லினக்ஸ் என்று வந்தால் மட்டும் நிலைமை தலைகீழாகிறது. கோப்பைப் பதிவிறக்குவது, பென் டிரைவில் எழுதுவது, வட்டைப் பிரிப்பது, நிறுவுவது என எல்லாவற்றையும் அதுவரை இவை எதையும் செய்திராத ஒருவர் தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் தடுமாறினால் ‘பார்த்தீர்களா, லினக்ஸ் கஷ்டம்’ என்கிறோம். ஒருபுறம் பிறர் நிறுவித் தந்த அமைப்பு, மறுபுறம் தானே நிறுவ வேண்டிய அமைப்பு. இந்த இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவது நியாயமே இல்லை. வெற்று வட்டு ஒன்றைக் கொடுத்து விண்டோஸை நிறுவச் சொன்னாலும் அதே மனிதர் அதே இடங்களில்தான் தடுமாறுவார்.

சாமானியருக்குப் புதிய இயங்குதளம் ஒத்துவராது என்பதற்கு நேரெதிரான சான்று நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி, கணினியையே தொட்டிராத கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. மவுஸ் இல்லை, மெனு இல்லை, கையேடு இல்லை. முன்பு பார்த்த எதைப் போலவும் அது இல்லை. ஆனாலும் பேரனின் முகத்தை வீடியோவில் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பாட்டிகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். காய்கறிக் கடைக்காரர் பணம் வாங்கக் கற்றுக்கொண்டார். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் என்ற மையப்பகுதிதான் அந்த ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுகிறது.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? கைப்பேசியில் இயங்குதளம் ஏற்கெனவே போடப்பட்டு வந்தது. முதல் சில நாள் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர மகளோ பேரனோ இருந்தார்கள். கற்றுக்கொள்ள ஒரு தேவையும் இருந்தது. இந்த மூன்றும் அமைந்தால் எந்தப் புதிய இயங்குதளமும் யாருக்கும் பழகும். கணினியில் லினக்ஸைத் தொடங்குபவருக்கு முதல் இரண்டும் கிடைப்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

பழகாதது வேறு, கடினமானது வேறு

நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் உறவினர் வீட்டுச் சமையலறைக்குப் போனால் உப்பு எங்கே, கடுகு எங்கே என்று ஓரிரு நாள் தேடத்தான் செய்வார். அதனால் அந்தச் சமையலறையில் சமைக்கவே முடியாது என்று யாரும் சொல்வதில்லை. லினக்ஸில் முதல் வாரம் நேர்வது இந்தத் தேடல்தான்.

விண்டோஸிலும் இந்தத் தேடல் இருந்ததை மறந்துவிட்டோம். ஆஃபீஸ் 2007 வந்தபோது பல ஆண்டுகளாகப் பழகிய மெனுக்கள் காணாமல் போய், பட்டையாக ஒரு புதிய அமைப்பு வந்தது. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டு 8.1-இல் திருப்பி வைத்தார்கள். விண்டோஸ் 11-இல் அந்தப் பொத்தான் திரையின் கீழ்ப்பட்டையில் நடுவுக்கு நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் முணுமுணுத்தோம், தேடினோம், பழகிக்கொண்டோம். விண்டோஸ் சாமானியருக்கு ஆகாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதே பொறுமையைத்தான் லினக்ஸுக்கும் கேட்கிறேன்.

உண்மையில் மாறுபடுவது எவை என்று பார்த்தால் பட்டியல் சிறியது. சி டிரைவ், டி டிரைவ் என்ற பிரிவு இல்லை; உங்கள் கோப்புகள் எல்லாம் ‘ஹோம்’ என்ற உங்கள் கோப்புறைக்குள் இருக்கும். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். மென்பொருள் வேண்டுமென்றால் ஏதோ ஓர் இணையதளத்தில் இ.எக்ஸ்.இ. கோப்பைத் தேடி இறக்கக் கூடாது. ‘மென்பொருள் மேலாளர்’ என்ற செயலியைத் திறந்து அங்கிருந்து நிறுவ வேண்டும். அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் கடவுச்சொல் கேட்கும். கைப்பேசியில் பிளே ஸ்டோரைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு மூன்றாவது ஏற்கெனவே பழக்கமானது. மற்ற மூன்றும் ஒரே அமர்வில் சொல்லி முடிக்கக்கூடியவை.

கறுப்புத் திரைப் பயம்

அடுத்த பயம், கட்டளை முனையம். லினக்ஸ் உதவிக் குறிப்பு எதை எடுத்தாலும் கறுப்புத் திரையில் இதை அடி, அதை அடி என்றுதான் இருக்கிறது. ஆகவே அது இல்லாமல் லினக்ஸ் இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். குறிப்புகள் அப்படி இருப்பதற்குக் காரணம் வேறு. லினக்ஸில் திரையமைப்புகள் பல. சின்னமன், க்னோம், கே.டி.ஈ., எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்று ஒவ்வொன்றிலும் பொத்தான்கள் வெவ்வேறு இடத்தில் இருக்கும். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு விளக்குவதைவிட, ஒரே குடும்பத்து லினக்ஸ் எல்லாவற்றிலும் ஒன்றுபோல வேலை செய்யும் ஒரு வரிக் கட்டளையை எழுதிவிடுவது உதவி செய்பவருக்கு எளிது. அது அவருடைய வசதி. பயன்படுத்துபவருக்குக் கட்டாயம் அல்ல. உபுண்டுவிலோ லினக்ஸ் மின்டிலோ இணையம் பார்க்க, கடிதம் எழுத, படம் பார்க்க, அச்சிட, மென்பொருள் நிறுவ, திருத்தங்களை ஏற்றிக்கொள்ள எதற்கும் முனையத்தைத் திறக்கத் தேவையில்லை.

இந்தப் பயத்துக்கு லினக்ஸ் ஆர்வலர்களும் பொறுப்பேற்க வேண்டும். புதிதாக வருபவரிடம், உபுண்டு, மின்ட், ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகளில், அதாவது வழங்கல்களில், எது சிறந்தது என்ற சண்டையை முதலில் காட்டுகிறோம். ‘ஆர்ச் போட்டால்தான் கற்றுக்கொள்ள முடியும்’ என்று பெருமை பேசுகிறோம். சந்தேகம் கேட்டால் ‘கையேட்டைப் படி’ என்கிறோம். தெரிந்துகொண்டவர்களின் இந்த மிடுக்கு, ‘உங்களுக்குச் சரிப்பட்டு வராது’ என்ற கடைக்காரரின் பேச்சுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறது. ஒருவர் பயமுறுத்துகிறார், மற்றவர் அந்தப் பயத்தை மெய்ப்பிக்கிறார்; இடையில் வந்தவர் திரும்பிப் போய்விடுகிறார்.

தமிழ் வராதா?

தமிழ் வராது என்பது கால் நூற்றாண்டுக்கு முந்தைய நிலைமை. யூனிகோடு தமிழ் இன்று லினக்ஸில் கூடுதலாக எதுவும் செய்யாமலே தெரிகிறது. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் போதும். 1999 சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை, தட்டச்சுப்பொறி முறை என அவரவர் பழகியது அதில் இருக்கிறது. ஒரு முறை வெளியேறி மீண்டும் நுழைந்தால் தட்டச்சு தயார். கட்டணம் இல்லை.

சிக்கல் வருவது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளால். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், அது விண்டோஸானாலும், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிப் படிக்கலாம். ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. எப்படிப் பார்த்தாலும் இது எழுத்துரு செய்த குழப்பம். இயங்குதளத்தின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

அரசே முயன்று தோற்றதா?

தமிழ்நாட்டில் லினக்ஸ் சாமானியருக்கு ஆகாது என்ற கருத்துக்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்படுவது இலவச மடிக்கணினித் திட்டம். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வழங்கிய கணினிகள் பலவற்றில், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பல மாணவர்கள் அதைத் தொடவே இல்லை. கடைக்குக் கொண்டுபோய் அழித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. மக்களுக்கு லினக்ஸ் பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்கிறார்கள்.

வேண்டும். ஏனென்றால் அந்த மாணவருக்கு அதைத் திறந்து காட்டியவர் யார்? பாடப்புத்தகத்திலும் ஆய்வகத்திலும் பெரும்பாலும் விண்டோஸ்தான் இருந்தது, ஆசிரியர்கள் பலருக்கே பாஸ் பழக்கமில்லை. பெட்டிக்குள் ஒன்றை வைத்துக் கொடுப்பதும் அதை அறிமுகப்படுத்துவதும் ஒன்றாகிவிடாது.

அண்டை மாநிலமான கேரளம் வேறு வரிசையில் தொடங்கியது. அங்கே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், 2017-இலிருந்து ‘கைட்’ நிறுவனம், அரசுப் பள்ளிகளுக்கென்றே குனு/லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்துத் தருகிறது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிறகு பாடப்புத்தகம், பிறகு ஆய்வகம் என்று போனார்கள். ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆஃபீஸ், ஜியோஜீப்ரா, பைதான் எல்லாம் அங்கே பள்ளிப் பாடம். மலையாளிப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடக் கணினி ஞானம் கூடுதலாகப் பிறந்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் காட்டித் தந்தார்கள், நாம் காட்டித் தரவில்லை.

வெளிநாட்டில் ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்கு மாறிவிட்டு 2017-இல் திரும்பிப் போக முடிவெடுத்ததையும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆஃபீஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரான்ஸின் ஜாந்தார்மரி காவல் படை முதலில் விண்டோஸிலேயே ஓப்பன் ஆஃபீஸுக்குப் பழகி, பிறகு உபுண்டுவுக்கு மாறிப் பல்லாயிரம் கணினிகளில் அதை நடத்திவருகிறது. அங்கே கணினிமுன் உட்காருபவர்கள் காவலர்கள், கணினிப் பொறியாளர்கள் அல்லர். அவர்கள் மாறிய வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள். நமக்கும் அது உதவும்.

யார் மாறக் கூடாது?

எதிர்த்தரப்பு சரியாகச் சொல்லும் இடமும் உண்டு. டேலியில் கணக்கு எழுதிப் பிழைப்பவர் லினக்ஸுக்கு முழுதாக மாறக் கூடாது. டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. பேஜ்மேக்கரிலும் போட்டோஷாப்பிலும் நாள் முழுக்கப் பத்திரிகையும் நோட்டீஸும் வடிவமைக்கும் டி.டி.பி. கடைக்காரருக்கும் அதே பதில்தான். எக்ஸெல் மேக்ரோக்களை நம்பி அலுவலகம் நடத்துபவர் பொறுத்திருக்கலாம். சில பிரிண்டர்களும் சில வைஃபை சில்லுகளும் இன்றும் தகராறு செய்கின்றன. இவற்றை மறைத்து லினக்ஸை விற்பது நேர்மையல்ல. அப்படி மாறியவர் ஒரு மாதத்தில் திரும்பிவந்து பத்துப் பேரிடம் குறை சொல்வார்.

ஆனால் ஒரு வீட்டில் கணினி எதற்குப் பயன்படுகிறது? இணையம் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப, ரயில் டிக்கெட் எடுக்க, அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க, பிள்ளைகள் பாடம் கேட்க, கடிதமும் கணக்கும் எழுத, படம் பார்க்க. இவற்றில் பெரும்பகுதி உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்த உலாவி விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒன்றுதான். சில தொழில்களுக்குப் பொருந்தாததை எடுத்துக்கொண்டு எல்லா வீடுகளுக்கும் ஆகாது என்று தீர்ப்பளிப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

பிள்ளைகளின் வேலைவாய்ப்பு என்ற வாதம் இன்னும் பலவீனமானது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அத்தனையும் லினக்ஸில் ஓடுகின்றன. இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ். சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் சேரும் இளைஞர்கள் பலர் லினக்ஸ் சர்வரைத் தொட வேண்டியிருக்கிறது. வேலைக்காகத்தான் படிக்க வேண்டுமென்றால், அந்த வாதம் லினக்ஸின் பக்கம்தான் நிற்கிறது. அதைவிட முக்கியமானது வேறு. ஒரே நிறுவனத்தின் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று மனப்பாடம் செய்த பிள்ளை, பொத்தான் நகரும்போதெல்லாம் மீண்டும் மாணவனாகிறது. இரண்டு இயங்குதளங்களைப் பார்த்த பிள்ளைக்கு மூன்றாவதைக் கண்டு பயம் வராது.

எந்த வரிசையில் தொடங்குவது?

தொடங்கும் விதம்தான் தவறு என்று சொன்னேன். சரியான விதத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலில் எதையும் நிறுவாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். இப்போதுள்ள விண்டோஸிலேயே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், வி.எல்.சி. ஆகியவற்றைச் சில வாரம் பயன்படுத்துங்கள். பிரெஞ்சுக் காவல் படை செய்தது இதுதான். லினக்ஸிலும் இதே மென்பொருள்கள்தான் இருக்கும். அங்கே போகும்போது பாதி வீடு பழகியிருக்கும்.

அடுத்து, 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று. லினக்ஸ் மின்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற செயலியால் அதில் எழுதுங்கள். கணினியைத் திறக்கும்போது டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்.பி. என்றால் எஃப்9 விசையை அழுத்திப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வட்டைத் தொடாமலே முழு லினக்ஸும் திரையில் வரும். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, கேமரா தெரிகிறதா, மடிக்கணினி என்றால் மூடித் திறக்கும்போது விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சரிவரவில்லையென்றால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவிவிடுங்கள். விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது சற்று மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவலாம். அதற்கு முன் கோப்புகள் அத்தனையையும் வெளி வட்டில் படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நிறுவும்போது ஒரு தேர்வு தவறினால் வட்டு முழுதும் அழியும். இந்த ஓரிடத்தில் பயப்படுவது நியாயம். விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்பினால், அதில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியை அணைத்துவிடுங்கள். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதில் தொடங்குவது எல்லாவற்றிலும் நல்லது. 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் மின்ட் ஓடும். அதிலுள்ள பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வட்டு போட்டுவிட்டால் வேகம் கண்கூடாகத் தெரியும். நிறுவிய பிறகு சில மாதமாவது வேறு வழங்கலுக்குத் தாவாதீர்கள்.

தனியாகவும் செய்ய வேண்டாம். சென்னையில் ஐ.எல்.யு.ஜி.சி., காஞ்சிபுரத்தில் காஞ்சிலக் என்று லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது; ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. ஒரு மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து காட்ட ஓர் ஆள் கிடைத்தால், கடினம் என்று சொன்ன பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்திலேயே கரைந்துவிடும்.

ஆகவே இரு தரப்பாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். லினக்ஸ் தெரிந்தவர்களே, வழங்கல் சண்டையை நிறுத்திவிட்டு இந்த மாதம் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு பழைய கணினியில் போட்டுக் கொடுங்கள். அடுத்த வாரம் மீண்டும் போய்ச் சந்தேகம் தீர்த்துவிட்டு வாருங்கள். தெரியாதவர்களே, கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒரு பென் டிரைவில் அதை ஓட்டிப் பாருங்கள். உங்களுக்குச் சரிப்பட்டு வருமா வராதா என்பதை உங்கள் கணினியில், உங்கள் கண்ணால் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமையைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள்.